முதல் காற்று

அவர் கடைசியாகக் கேட்டது நகவெட்டியைத்தான்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இடது கை நகங்களைத் தானே வெட்டிக்கொண்டார். வலது கைக்கு வந்தபோது விரல்கள் நடுங்கின. மனைவி வாங்கி வெட்டிவிட்டாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் முடிந்ததும், "போதும், மத்ததை நாளைக்குப் பாத்துக்கலாம். தம்பிகிட்ட பேசணும்," என்று போனை எடுத்தார்.

தம்பியிடம் கேட்டதும் வழக்கமாகக் கேட்பதைத்தான். "பெட்டி எப்படிடா போகுது?" மறுமுனையில் வந்த பதிலில் முகம் தெளிந்தது. "ரெண்டு மெஷினும் ஓடுதாம்," என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவள் நகத் துண்டுகளைக் காகிதத்தில் கூட்டி எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். அதற்குள் தூங்கியிருந்தார். அந்தத் தூக்கத்திலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு வரும் முதல் கூட்டம் இன்று மாலை.

இந்த வீட்டுக்குள் இப்போதுதான் காலடி வைப்பவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இறந்துபோனவரைக் கடைத்தெருவில் எல்லோரும் 'வானிலை' என்றுதான் அழைத்தார்கள். ஆனால் அவர் வெயில் மழை சொன்னவர் அல்ல, வியாபாரத்துக்கு வானிலை சொன்னவர். பெரிய கம்பெனிகள் சம்பளம் கொடுத்து நிபுணர்களை வைத்துக்கொள்கின்றன. டயர் கடைக்கும் பேக்கரிக்கும் யார் இருக்கிறார்கள்? அந்தக் கேள்வியோடு வங்கி வேலையை விட்டுவிட்டு வந்து, மருந்துக்கடை மாடியில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்தார்.

ஒரு வங்கியின் பொருளாதார நிபுணர், ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர், ஒரு கப்பல் கம்பெனியின் சரக்கு அதிகாரி என்று மூன்று பேருடைய கணிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். நான்காவதாகத் தன் கணிப்பைச் சேர்ப்பார். மாதத்துக்கு ஒரு மடல், ஒரு கூட்டம். வியாபார மந்தம் வருமா, வந்தால் எப்போது, அதற்குள் யார் என்ன செய்துகொள்ள வேண்டும் என்று அதில் இருக்கும்.

அவர் எழுதிய முதல் மடலைப் படித்துவிட்டு, "இதை எழுதினவருக்குப் புரிஞ்சதா?" என்று கேட்டாள் மனைவி. அன்றிலிருந்து அவர் எண்களைச் சொல்வார், அவள் எழுதுவாள். அவர் வைத்த பட்டம் எடிட்டர். கடைத்தெரு மரியாதையோடு 'எடிட்டரம்மா' ஆக்கிக்கொண்டது. மகளுக்கு அவர் வைத்த பெயர் புள்ளி. சின்ன வயதில் சுவரெல்லாம் புள்ளி வைத்துக் கோடு இழுத்தவள், படிப்பு முடிந்ததும் அப்பாவின் மேஜைக்கு எதிரிலேயே ஒரு மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இன்று காலை அம்மாவும் மகளும் சமையலறை மேஜையில் புது மடலின் அச்சுப் பிரதியை விரித்து வைத்திருந்தார்கள். எடிட்டரம்மாவின் கையில் பென்சில். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"'அச்சப்படத் தேவையில்லை'ன்னு போட்டிருக்கே. யார் அச்சப்பட்டா?"

"நான்தான்," என்றாள் புள்ளி.

பென்சில் நின்றது.

"மூணு பேரும் போன மாசமே மந்தம் வருதுன்னாங்க. இந்த மாசம் இன்னும் இறக்கிட்டாங்கம்மா. முதல் காத்து மட்டும் ஏறிட்டே போகுது. அதனாலதான் அப்பா போன மடல்ல 'வராது'ன்னு எழுதினார். நானும் இப்ப அதையே எழுதறேன். மூணு பேர் ஒரு பக்கம், நம்ம வீடு ஒரு பக்கம். எனக்கே என் கணக்கு மேல நம்பிக்கை இல்ல."

முதல் காற்று என்பது வானிலை வைத்த பெயர். மூன்று நிபுணர்களிடமும் இல்லாத எண் அது. ஊரில் யார் எதை விற்றாலும் அதற்கு முன்னால் ஒரு அட்டைப்பெட்டி வாங்க வேண்டும். கடையில் விற்பனை குறைவதற்குப் பல வாரம் முன்பே பெட்டி குறைந்துவிடும். அந்தப் பெட்டிக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். அவருடைய தம்பி அட்டைப்பெட்டி செய்கிறவர்.

"சித்தப்பா இந்த மாசம் எப்படிப் பேசினான்?" என்று கேட்டாள் எடிட்டரம்மா.

"வேகமா பேசினார். நம்பரைச் சொன்னார், வெச்சுட்டார்."

"சாப்டியான்னு கேட்டானா?"

புள்ளி யோசித்தாள். "கேக்கல."

எந்த நேரத்தில் போன் செய்தாலும் 'சாப்டியா' என்றுதான் அந்த மனிதர் ஆரம்பிப்பார். பதில் 'சாப்பிட்டேன்' என்றால் 'என்ன சாப்ட்டே' என்பார். அண்ணன் போன அன்று வந்து, மூன்று நாள் கூடவே இருந்துவிட்டுப் போனவர், அதன் பிறகு வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. துக்கம் என்று இவர்களும் விட்டிருந்தார்கள்.

அப்போது போன் அடித்தது. கட்டில்கடை அக்கா. கட்டில், பீரோ, மேஜை நாற்காலி விற்கிறவர். கணவர் விட்டுப்போன சின்னக் கடையைத் தனி ஆளாகத் தூக்கி நிறுத்தியவர்.

"எடிட்டரம்மா, கேளுங்க. அந்தப் பெரிய கட்டிடம் சொன்னேனே, இன்னைக்கு மத்தியானம் கையெழுத்து. அஞ்சு வருஷ வாடகைக்கு. பேங்க்ல வீட்டைத்தான் வெச்சிருக்கேன். சார் மடல் மட்டும் வரலைன்னா எனக்கு இந்த தைரியம் வந்திருக்காது. சாயந்தரம் கேக் வாங்கிட்டு வரேன், அவர் படத்துக்கு முன்னாடி வெட்டணும்."

"சந்தோஷம்," என்றாள் எடிட்டரம்மா. வைத்த பிறகும் கை போன் மேலேயே இருந்தது.

"என்னம்மா?"

"ஒண்ணும் இல்ல. மடலை அச்சுக்கு அனுப்பாதே. நான் சித்தப்பாவுக்குச் சாப்பாடு குடுத்துட்டு வந்துடறேன்."

"அவரு என்ன சாப்பாடு இல்லாமலா இருக்கார்?"

"அதைத்தான் பாத்துட்டு வரேன்."

*

பெட்டிப் பட்டறைக்கு அவள் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். வாசலில் நின்றதுமே ஏதோ மாறியிருப்பது போலப் பட்டது. என்னவென்று பிடிபடச் சற்று நேரம் ஆனது. ஜன்னல்கள் பளபளவென்று இருந்தன. கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. உள்ளே ஒரு பெண் ஸ்டூலில் ஏறி நின்று, சுத்தமாக இருந்த கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருவர் தரையில் உட்கார்ந்து பழைய ஆணிகளை நீளவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். வேலை இருக்கிற பட்டறையில் யாருக்கும் ஜன்னல் நினைவுக்கு வராது.

"அண்ணி," என்று எழுந்து வந்தார் பெட்டிக்காரர். தாடி நாலைந்து நாளாக வளர்ந்திருந்தது. "சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே."

"சொல்லியிருந்தா நீ இங்க இருந்திருக்க மாட்டே. இந்தா, டப்பா. சூடா இருக்கு."

ஒரு மெஷின் மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது மெஷின் மேல் தார்ப்பாய். தார்ப்பாயின் ஓரம் அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு பூனைக்குட்டி வந்தது, அதன் பின்னால் இன்னொன்று, பின்னால் மூன்றாவது. மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, அவள் செருப்பை மோந்து பார்த்துவிட்டு ஓடின.

"குட்டி போட்டுடுச்சு அண்ணி. அதான் பாவம்னு அந்த மெஷினை ஓட்டல."

"நல்ல காரியம்," என்றாள் எடிட்டரம்மா. "கண்ணு திறந்து, காலு நிமிந்து, ஓட்டப்பந்தயம் ஓடுது. எப்ப பிறந்துச்சு?"

அவர் டப்பாவைக் கை மாற்றிப் பிடித்தார்.

"ஓடற மெஷினுக்குள்ள எந்தப் பூனை வந்து குட்டி போடும்? அப்ப அதுக்கும் முன்னாடியே நிறுத்தியிருக்கே. உங்கண்ணன்கிட்ட கடைசியா என்ன சொன்னே? ரெண்டும் ஓடுதுன்னியே."

பெட்டிக்காரர் திரும்பி ஜன்னல் துடைக்கும் பெண்ணைப் பார்த்தார். "கொஞ்சம் டீ வாங்கிட்டு வாம்மா. எல்லாருக்கும்." இரண்டு பேரும் வெளியே போனார்கள். ஓடிக்கொண்டிருந்த மெஷினையும் அவரே போய் நிறுத்தினார்.

"டாக்டர் என்ன சொன்னார்? கவலைப்பட வைக்காதீங்கன்னார். அண்ணன் போன்ல எடுத்ததும் கேக்கறது பெட்டியத்தான். ஒருநாள் உண்மையைச் சொன்னேன், ஆர்டர் கொஞ்சம் படுத்திருக்குன்னு. அன்னைக்கு அவர் ஒரு வாய் சாப்பிடலைன்னு நீங்கதானே எனக்கு போன் பண்ணிச் சொன்னீங்க. 'என்னடா சொன்னே அவர்கிட்ட'ன்னு திட்டினீங்க."

எடிட்டரம்மாவுக்கு அது நினைவுக்கு வந்தது. திட்டத்தான் செய்திருந்தாள்.

"அதுக்கப்புறம் நல்லா போகுதுன்னே சொல்லிட்டு வந்தேன். அந்தக் குரல்ல ஒரு தெம்பு வரும் அண்ணி. அதுக்காக இன்னும் கொஞ்சம் ஏத்திச் சொன்னேன். அவர் போனப்புறம் புள்ளி கேட்டா. திடீர்னு இறக்கிச் சொன்னா குழந்தை ஏன் எதுக்குன்னு குடைவா. அதனால அவளுக்கும் அதையே..." டப்பாவைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "உங்களைப் பாத்தா வாய் உளறிடும்னுதான் வீட்டுக்கு வரல."

"அந்த நம்பர் மடலுக்குப் போகுதுன்னு தெரியுமா, தெரியாதா?"

"போகும். அவர் நூறு பேர்கிட்ட நம்பர் வாங்குவார். அதுல என்னுது ஒரு ஓரத்துல கிடக்கும். தம்பியாச்சேன்னு விசாரிக்கறார்னு நெனச்சேன்."

எடிட்டரம்மா அடுக்கி வைத்திருந்த அட்டைகளின் மேல் உட்கார்ந்தாள். இதைச் சொல்லக் கூடாது என்று அவர் அவளிடம் வாங்கியிருந்த வாக்கு ஒன்று இருந்தது. சொல்லாமல் இனி இருக்க முடியாது.

"மடல்ல முதல் காத்துன்னு ஒண்ணு வருமே."

"ஆமா. அதுதான் அண்ணனோட ரகசிய ஆயுதம்னு டயர்க்கடைக்காரர்கூடச் சொல்வார். துறைமுகத்துல ஆள் வெச்சிருக்காராம்."

"துறைமுகமும் இல்ல, ஆளும் இல்ல. நீதான்."

"என்ன நான்தான்?"

"முதல் காத்து நீதான்டா. மாசா மாசம் முதல் போன் உனக்குத்தான். நீ சொல்ற நம்பரை வெச்சுத்தான் அவர் மத்த எல்லாத்தையும் சரிபாப்பார். நாலாவது கணிப்பே உன் பெட்டியில இருந்துதான் ஆரம்பம். உன்கிட்ட சொல்லாதேன்னார். 'தெரிஞ்சா அவன் யோசிச்சுப் பேச ஆரம்பிச்சுடுவான். அவன் யோசிக்காம சொல்ற நம்பர்தான் எனக்கு வேணும்'னார்."

பெட்டிக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். பூனைக்குட்டி ஒன்று வந்து மடியில் ஏறியது. அதைத் தள்ளவும் இல்லை, தடவவும் இல்லை.

"அப்ப போன மடல்..."

"மூணு பேரும் வரும்னாங்க. உங்கண்ணன் மட்டும் வராதுன்னார். உன்னை நம்பி."

"அவர் தப்பா சொன்னதே இல்லையே அண்ணி."

"இல்ல."

"கடைசி மடல் தப்புன்னு வெளியில தெரிஞ்சா, அவர் பேரு போயிடும். இத்தனை வருஷம் சேத்த பேரு." சட்டென்று முகத்தை நிமிர்த்தினார். "நீங்களும் நானும் மட்டும் தெரிஞ்சுக்கிட்டு, அடுத்த மடல்ல இருந்து மெள்ள மெள்ள இறக்கிடலாம். யாருக்கும் தெரியாது."

"கட்டில்கடை அக்கா இன்னைக்கு மத்தியானம் கையெழுத்துப் போடறாங்க. அஞ்சு வருஷம். வீட்டை வெச்சு."

சொல்லிவிட்டு அவள் போனை எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. கடைக்கு அடித்தால், அம்மா கையெழுத்துப் போடப் போயிருக்காங்க, எந்த ஆபீஸ்னு தெரியல, போன் கல்லாவிலேயே இருக்கு என்றார்கள்.

"கூட்டத்துல நான் சொல்லிடறேன்," என்றாள் எடிட்டரம்மா. "எழுதினது நான்தானே. கை என் கை."

"நம்பர் என் நம்பர்," என்றார் பெட்டிக்காரர்.

"நீ சொன்னா உன் ஆர்டர் படுத்தது ஊருக்கே தெரியும். உனக்கு அட்டை குடுக்கற மில்காரன் நாளைக்கே பாக்கி கேட்டு வந்து நிப்பான்."

"நிக்கட்டும். டீ வாங்கிக் குடுக்கறேன்." அவர் எழுந்து டப்பாவைத் திறந்தார். நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டார். "உப்பு கம்மி அண்ணி."

"உங்கண்ணனுக்காகக் குறைச்சது. கை பழகிடுச்சு."



*

மருந்துக்கடை மாடியில் புள்ளி நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா சொல்லச் சொல்ல, கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அப்ப அந்த மூணு பேரும் சரி."

"ஆமா."

"அப்பா தப்பு."

"அப்பா போட்ட கணக்கு சரி. உள்ள போன நம்பர் தப்பு."

"கேக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்மா." நாற்காலியை வைத்தாள். சித்தப்பா கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாதவர் போல. அவரைப் பார்த்து, "சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"என்ன சாப்டீங்க?"

"உப்பில்லாத சாப்பாடு," என்றார் ஒருவழியாக.

"சரி, உக்காருங்க. உண்மையான நம்பரைச் சொல்லுங்க. மாச வாரியா. ஏத்தாம, இறக்காம."

அவர் நினைவிலிருந்தே சொன்னார். எந்தக் கடை எந்த மாதம் குறைத்தது என்பதெல்லாம் மனதில் அப்படியே இருந்தது. புள்ளி பலகையில் ஏற்கெனவே வரைந்திருந்த கோட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் புள்ளிகள் வைத்தாள். கோடு கீழே இறங்கியது. நிபுணர்கள் மூவரின் கோடுகளுக்கும் முன்னாலேயே அது இறங்க ஆரம்பித்திருந்தது.

"பாருங்க," என்றாள் மெதுவாக. "முதல் காத்து வேலை செஞ்சிருக்கு. மூணு பேரையும் முந்தியிருக்கு. நாமதான் அதைக் கேக்கல."

"புதுத் தகவல் வந்திருக்குன்னு மட்டும் சொல்லிப் பாக்கலாமா?" என்று கேட்டார் சித்தப்பா, கடைசி முயற்சியாக.

"எந்தத் தகவல்னு டயர் அங்கிள் கேப்பார். அவர் கேக்காம விட்டதா சரித்திரம் கிடையாது."

ஆறு மணிக்கு மேல் ஒவ்வொருவராகப் படியேறி வந்தார்கள். பேக்கரிக்காரர், அச்சகத்துக்காரர், தையல் மெஷின் விற்பவர், இன்னும் பலர். டயர்க்கடைக்காரர் வந்ததும் வராததுமாக, "என்ன புள்ளி, அப்பா நாற்காலியில உக்காரலையா?" என்றார்.

"அதுல உக்காந்தா கால் தரையில எட்ட மாட்டேங்குது அங்கிள்."

"வளந்துடுவே, கவலைப்படாதே."

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அந்தக் காலி நாற்காலியை எல்லோரும் ஒருமுறை பார்த்தார்கள். கட்டில்கடை அக்கா இன்னும் வரவில்லை. எடிட்டரம்மா படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புள்ளி பலகைக்கு முன்னால் நின்றாள். கையில் காகிதம் இல்லை.

"போன மாச மடல் தப்பு," என்றாள்.



"யாரு மடல்? உங்கப்பா மடலா?" என்றார் டயர்.

அந்த நேரத்தில்தான் கட்டில்கடை அக்கா படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. கையில் கேக் பெட்டி. உள்ளே இருந்த அமைதியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

பெட்டிக்காரர் எழுந்தார். "எனக்கு நாலு பேர் முன்னாடி பேசி வழக்கமில்ல. அண்ணன் பேசுவார், நான் கேப்பேன். அவ்வளவுதான். இந்த மடல்ல முதல் காத்துன்னு படிக்கறீங்களே, அது துறைமுகம் இல்ல. என் பட்டறைதான். எனக்கே இன்னைக்கு மத்தியானம்தான் தெரியும். அண்ணன் படுத்த படுக்கையா இருந்தப்ப ஆர்டர் குறைஞ்சுதான் இருந்துச்சு. அவர் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நல்லா போகுதுன்னு சொன்னேன். அவர் அதை நம்பி எழுதினார். அவர் தப்பா கணக்குப் போடல. யாருக்காவது கோவம்னா, என் மேல படுங்க."

உட்காரத் தெரியாமல் நின்றார். எடிட்டரம்மா அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

பேக்கரிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"உங்க பெட்டியில குறைச்சது யாருன்னு நினைக்கறீங்க? நான்தான். பாதிக்குப் பாதி நிறுத்திட்டேன். வீட்டுக்காரிகிட்டகூட சொல்லல. மடல்ல எல்லாம் நல்லா இருக்குன்னு இருந்துச்சா, சரி, ஊர் நல்லாத்தான் இருக்கு, என் பன்னுலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சு மாவு மாத்தினேன். அடுப்பை மாத்தினேன். மாஸ்டரைக் கன்னாபின்னான்னு திட்டினேன்."

"நான் போர்டை மாத்தினேன்," என்றார் டயர்.

"அந்தப் பச்சை போர்டா?"

"அதேதான். நல்லா இல்லைன்னு இப்பவாவது சொல்லுங்க."

"நானும் பெட்டியை நிறுத்தினேன்," என்றார் அச்சகத்துக்காரர். "என் ராசின்னு விட்டுட்டேன்."

மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பின்னால் இன்னொன்று. ஒவ்வொரு கடையும் தனக்கு மட்டும்தான் இறங்குகிறது என்று நினைத்து, பக்கத்துக் கடைக்குத் தெரியாமல் மறைத்து, தனியாகப் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அந்தச் சிரிப்பில் பாதி அழுகையாக இருந்தது.

"சிரிச்சது போதும்," என்றார் டயர். "மடலை நம்பி ரெண்டு மடங்கு சரக்கு எடுத்து அடுக்கி வெச்சிருக்கேன். இப்ப என்ன பண்ணணும், அதைச் சொல்லு புள்ளி."

"கம்பெனி திருப்பி எடுத்துக்குமா?"

"இப்ப கேட்டா எடுப்பான்."

"அப்ப நாளைக்கே கேளுங்க. எல்லாரும் கேக்க ஆரம்பிச்சப்புறம் எடுக்க மாட்டாங்க." அவள் பலகையைத் தட்டினாள். "பத்துக்கு எட்டு வாய்ப்பு, மந்தம் வருது. எவ்வளவு நாள் இருக்கும்கறதுலதான் மூணு பேருக்கும் சண்டை. பேராசிரியர் சீக்கிரம் போயிடும்கறார், பேங்க்காரர் இழுக்கும்கறார். கப்பல்காரர் ஏற்கெனவே வந்துடுச்சுங்கறார். இன்னும் கொஞ்சம் டைம் இருக்கு. பேங்க்ல பேச வேண்டியவங்க, கணக்கு நல்லா இருக்கும்போதே போய்ப் பேசுங்க. மூழ்கினப்புறம் போனா கதவைத் திறக்க மாட்டாங்க. ஆளை நிறுத்தறதைக் கடைசியா வெச்சுக்கங்க. முதல்ல சரக்கைக் குறைங்க, வேலை நேரத்தைக் குறைங்க, அதையும் அவங்களை உக்கார வெச்சுப் பேசிட்டுக் குறைங்க. சித்தப்பா ஒருத்தரையும் அனுப்பல. எல்லாரும் ஜன்னல் துடைச்சிட்டு இருக்காங்க."

"புதுசா எதுலயும்..." என்று ஆரம்பித்தவள், வாசல் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"சொல்லு கண்ணு," என்றார் கட்டில்கடை அக்கா. "புதுசா எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. அதானே."

புள்ளி தலையசைத்தாள்.

அக்கா நடந்து வந்து கேக் பெட்டியை மேஜை மேல் வைத்தார். "வெட்டி எல்லாருக்கும் குடுங்க. வாங்கினது வாங்கியாச்சு, வீணாக்கக் கூடாது." திரும்பிப் படியிறங்கிப் போனார்.

எடிட்டரம்மா பின்னாலேயே ஓடினாள். தெருவிளக்குகள் அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தன. மருந்துக்கடை வாசலில் பிடித்துவிட்டாள்.

"போட்டுட்டீங்களா?"

"என் பக்கம் போட்டாச்சு. கட்டிடக்காரர் வெளியூர் போயிருக்கார், அவர் கையெழுத்து நாளைக்குக் காலையில. பேப்பர் அவர் ஆபீஸ்ல இருக்கு." அக்கா மருந்துக்கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கோவம் வருது எடிட்டரம்மா. யார் மேல கோவப்படறதுன்னுதான் தெரியல. உடம்பு முடியாத அண்ணன்கிட்ட ஒரு தம்பி நல்ல வார்த்தை சொன்னதுக்கா? என் வீட்டுக்காரர் கிடந்தப்ப நானும் கடை நல்லா ஓடுதுன்னுதான் சொன்னேன்."

"நான் என்ன பண்ணட்டும்?"

"காலையில கட்டிடக்காரர் வர்றதுக்கு முன்னாடி நான் அங்க போகணும். தனியா போனா, பொம்பளை பயந்துட்டான்னு பேசியே அனுப்பிடுவார். நீங்க வரணும். புள்ளி அந்தப் பலகையோட வரணும். அவரும் வரணும், பெட்டிக்காரர். எனக்குச் சொன்னதை அவர்கிட்டயும் சொல்லட்டும்."

"பேப்பரைத் திருப்பிக் குடுப்பாரா?"

"யாருக்குத் தெரியும்? அதுக்கு ஒரு கணிப்பு இருந்தா சொல்லுங்க." அந்த நிலையிலும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. "சார் இருந்திருந்தா அவரைத்தான் இழுத்துட்டுப் போயிருப்பேன்."

"வந்திருப்பார்," என்றாள் எடிட்டரம்மா. "வழியெல்லாம் வட்டி விகிதம் பேசிக்கிட்டே வந்திருப்பார்."

அக்கா அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

மேலே வந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. டயரும் பேக்கரிக்காரரும் போகிற போக்கில் பெட்டிக்காரரின் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். அச்சகத்துக்காரர் தட்டவில்லை. முகம் கொடுக்காமல் படியிறங்கினார். அதுவும் நியாயம்தான் என்று எடிட்டரம்மாவுக்குத் தோன்றியது.

கேக்கை யாரும் வெட்டியிருக்கவில்லை.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு," என்றாள் அவள். "மூணு பேரும்."

"எங்க?" என்றார் பெட்டிக்காரர்.

"போற வழியில சொல்றேன். தாடியை எடுத்துட்டு வா. கட்டிடக்காரர் உன்னைப் பாத்தே மந்தம் வந்துடுச்சுன்னு நம்பிடுவார்."

"அப்ப எடுக்காம வரதுதான் நல்லது சித்தப்பா," என்றாள் புள்ளி.

புது மடலை யார் எழுதுவது, அதன் முதல் வரியில் என்ன சொல்வது என்று மூவரும் பேசவில்லை. நாற்காலிகளை அடுக்கினார்கள். பலகையைத் துடைக்காமல் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து புள்ளி பூட்டப் போனாள். பூட்டு விழவில்லை.

அந்தக் கதவு வாடகைக்கு எடுத்த நாளிலிருந்தே ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. பூட்ட வேண்டுமென்றால் கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும். எடிட்டரம்மா தூக்கிப் பிடித்தாள். பூட்டு விழுந்தது.